ரிப்போர்ட்ல 12 நெறிக்கட்டி இல்லையா? பெருங்குடல் கேன்சர் ஆபரேஷன் பத்தி கேளுங்க

நான் பேத்தாலஜி டாக்டர். சர்ஜன் வெட்டி எடுத்த குடல் ஃபார்மலின் டப்பால எங்க மேசைக்குத்தான் வரும், அதுல நெறிக்கட்டி (லிம்ஃப் நோட், குடல ஒட்டின கொழுப்புல இருக்கற சின்ன முடிச்சு, கேன்சர் பொதுவா மொதல்ல பரவுற எடம்) தேடி எண்றது எங்க வேலை. கேளுங்க.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயசு, வலது பக்க பெருங்குடல் எடுத்தாங்க. ரிப்போர்ட்ல 0/9னு இருக்கு. நல்லதுதானே மேடம்?

9 நெறிக்கட்டி தேடி எடுத்து, ஒண்ணுலயும் கேன்சர் இல்லன்னு அர்த்தம். 0 நல்லதுதாங்க, அந்த 9 தான் இடிக்குது. குறைஞ்சது 12 பாக்கணும்னு 1990ல சிட்னி மாநாட்டு குழு சொன்னது, இன்னைக்கும் உலகம் பூரா அதுதான் கணக்கு. ஒரே ஒரு கட்டில கேன்சர் இருந்தாலும் ஸ்டேஜ் 2 போய் ஸ்டேஜ் 3 ஆயிடும், கீமோ பேச்சு வந்துடும், கம்மியா தேடினா அந்த ஒண்ணு கொழுப்புக்குள்ளயே தங்கியிருக்கலாம். அதனாலதான் 12க்கு கீழ போனா ஸ்டேஜ் 2லயே ரிஸ்க் ஜாஸ்தின்னு வச்சு கீமோ யோசிப்பாங்க. வயசானவங்களுக்கு கட்டி கொஞ்சம் கம்மியா கெடைக்கும், உண்மைதான், ஆனா வலது பக்கம் பொதுவா நெறைய கெடைக்கிற இடம், நானா இருந்தா இன்னொரு தடவை தேடுவேன்.

கேள்வி: அப்போ சர்ஜன் சரியா எடுக்கலன்னு அர்த்தமா?

எல்லாரும் மொதல்ல அங்கதான் போறீங்க 😀 அவங்க பங்கு இருக்கு. எவ்வளவு நீளம் குடல் எடுத்தாங்க, ரத்தக்குழாய எவ்வளவு அடியில கட்டினாங்க, குடல தாங்குற அந்த சவ்வு கிழியாம முழுசா வந்துச்சா, இதெல்லாம் எண்ணிக்கைய மாத்தும். ஜெர்மனில எர்லாங்கன் ஊர்ல ஹோஹன்பெர்கர்ங்கற சர்ஜன் 2009ல எழுதினது இதத்தான், சவ்வோட முழுசா எடுங்கன்னு.

ஆனா எங்க பங்கும் பெருசு. அரிசில கல் பொறுக்கலாம், கல்லு நெறம் வேற. இங்க மஞ்ச கொழுப்புக்குள்ள அதே மாதிரி மங்கலான, 5 மில்லிமீட்டர் கூட இல்லாத முடிச்சு, விரலால நசுக்கி நசுக்கித்தான் கண்டுபிடிக்கணும், கேன்சர் அந்த பொடிசுலயும் இருக்கும். ஒரு நாளைக்கு பத்து டப்பா வந்தா கை அவசரப்படும், அனுபவம் இல்லாதவங்க கைல இன்னும் கம்மியாகும். சில எடத்துல ரத்தக்குழாய் வழியா மெத்திலீன் ப்ளூ ஏத்துவாங்க, கட்டி நீலமா தெரியும், தேடறது சுலபம்.

கேள்வி: அம்மாவுக்கு மலக்குடல். மொதல்ல ரேடியேஷன், கீமோ, அப்புறம் ஆபரேஷன். 7 தான் கெடைச்சுதாம். பயமா இருக்கு.

பயப்படாதீங்கம்மா, இது வேற கதை. ரேடியேஷன்ல நெறிக்கட்டி சுருங்கி நாராயிடும், 12 வராம போறது சகஜம். ட்ரீட்மென்ட் நல்லா கேட்டதாலகூட கம்மியா இருக்கலாம். எண்ணிக்கைய விட கேன்சர் எவ்வளவு கரைஞ்சிருக்குங்கற வரிய பாருங்க.

கேள்வி: எனக்கு 2/34. சொந்தக்காரர் ஒருத்தர் 34 எடத்துல பரவியிருக்குன்னு சொல்லி வயித்துல புளிய கரைச்சிட்டார்.

அவர ரிப்போர்ட் படிக்க விடாதீங்க. 34 தேடி எடுத்தது, கேன்சர் இருந்தது 2 தான். கேன்சர் இருக்கற நெறிக்கட்டி எத்தனைன்னு பாத்து ரிப்போர்ட்ல என் (N) நம்பர் போடுவோம்: 1லேர்ந்து 3 வரைக்கும் என்1, 4ம் அதுக்கு மேலயும் என்2. நெறைய கெடைச்சா உடம்போட எதிர்ப்பு சக்தி சுறுசுறுப்பா இருந்து கட்டி வீங்கியிருக்கவும் வாய்ப்புண்டு, எம்எஸ்ஐ டைப் (செல்லுல டிஎன்ஏ தப்ப திருத்தற வேலை கெட்டுப்போன வகை) கேன்சர்ல இத பாப்போம்.

கேள்வி: குண்டா இருந்தா கம்மியா கெடைக்குமா?

ஆய்வுகள் ரெண்டு பக்கமும் இருக்கு. தேடறது கஷ்டம், அது மட்டும் எனக்கு தெரியும்.

கேள்வி: 12 ஆனதும் நிறுத்திடுவீங்களா?

கூடாது. 12ங்கறது தரை, கூரை இல்ல. கண்ணுக்கும் கைக்கும் தட்டுப்படறது எல்லாத்தையும் எடுக்கணும்.

கேள்வி: 0/9 கேட்டது நான்தான். திரும்ப தேட சொன்னா கோவிச்சுக்குவாங்களா?

மாட்டாங்க, "மிச்ச கொழுப்புல இன்னொரு தடவை தேட முடியுமா"ன்னு உங்க சர்ஜன் மூலமா கேளுங்க. ஆனா ரிப்போர்ட் குடுத்து சில வாரத்துல ஸ்பெசிமன தூக்கி போட்டுடுவாங்க, லேபுக்கு லேப் கணக்கு மாறும், அதனால நாளைக்கே போன் பண்ணிடுங்க.