கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் பி உள்ள நோயாளிக்கு மருந்தாளுநர் விளக்க என்ன இருக்கிறது? மாத்திரையைத் தந்தால் போதாதா?

போதாது. மருத்துவரைச் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பவர் மருந்துக்கடைக்கு மாதாமாதம் வருகிறார். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, நிறுத்திவிடலாமா?" என்ற கேள்வி அங்கேதான் எழும். டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் வைரஸைக் கட்டிப்போடுமே தவிர, பெரும்பாலும் அடியோடு அழிப்பதில்லை. தன்னிஷ்டத்துக்கு நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகி, கல்லீரல் செயலிழக்கும் அளவுக்குக்கூடப் போகலாம். மாத்திரை அட்டையை நீட்டும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். என்டெகாவிர் என்றால் இன்னொன்றும் உண்டு: சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில்.

நம் ஊரில் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்துவிடுவார்கள். கேலி செய்தால் அடுத்த முறை நோயாளி அதை மறைத்துவிடுவார். வேறு என்ன சாப்பிடுகிறார் என்று பக்குவமாகக் கேட்டு, மாத்திரைக்கு அது மாற்றல்ல என்று புரியவைப்பதே மேல்.

தட்டு, தம்ளரைப் பிரித்து வைக்கத் தேவையில்லை. ரேசர், நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் தனியாக இருக்க வேண்டும். காய்ந்த ரத்தத்திலும் இந்த வைரஸ் குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். வீட்டாருக்கு ரத்தப் பரிசோதனை அவசியம். தொற்றோ எதிர்ப்புசக்தியோ இல்லாதவர்களுக்கு வழக்கமாக 0, 1, 6 மாதக் கணக்கில் 3 தடுப்பூசிகள். இதையெல்லாம் கடைக்கூட்டத்தின் நடுவே உரக்கச் சொல்லாமல், ஓரமாக அழைத்துச் சொல்லுங்கள்.