குழந்தைக்கு இரட்டைக் கட்டைவிரல்: நான் பளு தூக்கியதாலா?

கேள்வி: என் முதல் குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிறது. வலது கட்டைவிரலை ஒட்டி இன்னொரு சின்ன விரல் இருக்கிறது. கர்ப்பம் என்று தெரியாமல் முதல் இரண்டு மாதமும் ஓடியாடி வேலை செய்தேன், பளு தூக்கினேன். அதனால்தான் இப்படி ஆனதா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: இல்லை அம்மா. பளு தூக்கியதற்கும் இந்த விரலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

கருத்தரித்து நான்கு வாரம் ஆகும்போது கருவின் பக்கவாட்டில் கை ஒரு சின்ன மொட்டாகத் தலைகாட்டும். எட்டு வாரம் முடிவதற்குள் ஐந்து விரல்களும் பிரிந்துவிடும். எது எங்கே முளைக்க வேண்டும் என்பதை இந்தச் சில வாரங்களில் செல்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் வேதிச் செய்திகள்தான் முடிவு செய்கின்றன. மொட்டின் நுனி விளிம்பில் சுரக்கும் எஃப்.ஜி.எஃப். புரதங்கள் கையை நீள வைக்கின்றன. சுண்டுவிரல் வரப்போகும் ஓரத்தில் ஒரு சிறு செல்கூட்டம் ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது அதிகமாக, நெடுநேரம் கிடைக்கும் பக்கம் சுண்டுவிரல். அது எட்டாத பக்கம் கட்டைவிரல்.

1968-இல் கோழிக் கருவில் அந்த ஓரத்துத் திசுவைக் கொஞ்சம் எடுத்து எதிர் ஓரத்தில் ஒட்டினார்கள். சிறகில் வழக்கமான விரல்களோடு, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இன்னொரு வரிசையும் முளைத்தது! அந்தச் செய்தியைக் கொண்டுபோவது இந்தப் புரதம்தான் என்று 1993-இல் தெரிந்தது.

மனிதர்களிலும் சில குடும்பங்களில் இந்தப் புரதம் கட்டைவிரல் ஓரத்திலும் தப்பிச் சுரக்கிறது. கை மொட்டில் அதை இயக்கும் டி.என்.ஏ. பகுதி, அந்தப் புரதத்துக்கான மரபணுவிலிருந்து சுமார் பத்து லட்சம் எழுத்து (டி.என்.ஏ.வின் வேதி அலகுகளை எழுத்து என்பார்கள்) தள்ளி இருக்கிறது. அங்கே ஓர் எழுத்து மாறினாலே கூடுதல் விரல் வரலாம். இவ்வளவு நுணுக்கமான இடத்தில் நடக்கிற மாற்றத்தை உங்கள் அலைச்சல் எப்படி உண்டாக்கும்?

வெளியிலிருந்து எதுவுமே கருவைத் தொடாது என்று சொல்லவில்லை. 1957-இல் விற்பனைக்கு வந்த தாலிடமைடு மாத்திரையால் பல ஆயிரம் குழந்தைகள் கைகால் குறுகிப் பிறந்தார்கள். அதனால்தான் கர்ப்பத்தில் கேட்காமல் மாத்திரை போடாதீர்கள் என்கிறோம். வேலை செய்வது அந்தக் கணக்கில் சேராது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நூல் கட்டி விரலை விழவைக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு விரல்களும் எலும்பு, மூட்டு, தசைநாண்களைப் பங்கு போட்டிருக்கும். சின்னதை வெறுமனே வெட்டினால் மிஞ்சுகிற விரல் கோணிக்கொள்ளும். எக்ஸ்ரே எடுத்து, கை அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டி அறுவை செய்து, நீக்கும் விரலின் தசைநாரைக் கொண்டே மற்றதை உறுதிப்படுத்துவார்கள். இதயம் உட்பட மற்ற உறுப்புகளையும் குழந்தை மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

ஒரு கையில் மட்டும், குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் வந்திருந்தால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பாதிக்குப் பாதி வரைகூட வாய்ப்பு உண்டு. அப்போது மரபியல் ஆலோசனை தேவை. சிறுவயதில் நீக்கிய விரல் பலருக்கு நினைவிலேயே இருக்காது. அதனால் உங்கள் இருவர் வீட்டுப் பெரியவர்களிடமும் விசாரித்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.