கால் இல்லாத பறவை – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

தென்வானம் பற்றிய கட்டுரையில் ‘ஏபஸ்’ என்ற நட்சத்திரக் கூட்டத்தைச் ‘சொர்க்கப் பறவை’ என்று எழுதியிருந்தீர்கள். என் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் கொடுத்த வான்வரைபடத்தில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு என்ன பறவை என்று கேட்டாள். தேடினால் ஏபஸ் என்பது உழவாரன் என்று வருகிறது. எங்கள் ஊர்க் கோபுரத்தைச் சுற்றும் அதே உழவாரன்தான் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து, “அந்தப் பெயருக்குக் கால் இல்லாதது என்று அர்த்தமாம், காலில்லாத பறவையை யாராவது வானத்தில் வைப்பார்களா?” என்கிறாள். நீங்கள் மொழிபெயர்த்தது தவறா, நான் சொன்னது தவறா? வெளியே போய்ப் பார்த்தாலும் பறவை மாதிரி எதுவும் தெரியவில்லை.

ஒரு வாசகர், மெல்பர்ன்

அன்புள்ள தம்பி,

நீங்கள் தேடிக் கண்டதும் சரிதான், நான் எழுதியதும் சரிதான். ஒரே பெயர் இரண்டு பறவைகளுக்குப் போயிருக்கிறது. உயிரியலில் ஏபஸ் என்றால் உழவாரன் இனம். கோபுரத்தில் கூடு கட்டும் நாட்டு உழவாரனின் அறிவியல் பெயரே ஏபஸ் அஃபினிஸ். அதற்குக் கால் உண்டு, ஆனால் மிகச் சிறியது. சுவரைப் பற்றித் தொங்குமே தவிர மற்றக் குருவிகளைப் போலக் கிளையில் உட்காராது. அதனால்தான் கிரேக்கர்கள் ‘காலில்லாதது’ என்றார்கள். வானத்தில் இருக்கும் ஏபஸ் வேறு. அது நியூ கினித் தீவிலும் அதன் தெற்கே உள்ள ஆரு தீவுகளிலும் வாழும் சொர்க்கப் பறவை. அதற்குக் காக்கையைப் போல நல்ல வலுவான கால்கள் இருக்கின்றன.

அப்புறம் ஏன் அந்தப் பெயர்? உங்கள் மகள் கேட்டதுதான் சரியான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆரு தீவுக்காரர்கள் விடியற்காலையில் மரத்தின் மேல் சிறு மறைப்பு கட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஆண் பறவைகள் கூட்டமாக வந்து தோகையை விரித்து ஆடும்போது, இறகு கெடாமல் இருக்க மொட்டை அம்பால் அடித்து வீழ்த்துவார்கள். பிறகு சிறகையும் காலையும் வெட்டிவிட்டு, தோலை அலகு வரை உரித்து, ஒரு குச்சியைச் செருகிப் புகையில் உலர்த்துவார்கள். வாங்குகிறவனுக்கு வேண்டியது தோகை மட்டும்தான். 1857-இல் அங்கே மாதக்கணக்கில் தங்கிய ஆங்கிலேய இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்.

அப்படிப் பாடம் செய்த தோல்கள்தான் 1522-இல் மகெல்லனின் குழுவில் எஞ்சிய ஒரே கப்பலான விக்டோரியாவில் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தன. இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குப் பகுதியில் பச்சான் தீவின் அரசர் ஸ்பெயின் மன்னருக்கு அனுப்பிய பரிசு அது. அந்தப் பக்கத்து மக்கள் அவற்றை ‘தேவதைகளின் பறவை’ என்ற பொருளில் அழைத்தார்கள். அவர்கள் சொன்ன ‘தேவதா’வும் நம் தேவதையும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. அந்தக் கப்பலில் இருந்த பிகஃபெட்டா தன் குறிப்பில், இந்தப் பறவையின் கால்கள் நாணலைப் போல மெல்லியவை என்று எழுதியிருக்கிறார். கால் உண்டு என்று முதலிலேயே எழுத்தில் பதிவாகிவிட்டது! ஆனால் ஐரோப்பா அதைக் கேட்கவில்லை. கையில் இருந்த தோலைப் பார்த்தே ஒரு கதையைக் கட்டிக்கொண்டார்கள். இது தரையிறங்குவதே இல்லை, பனித்துளியைக் குடித்து வாழ்கிறது, ஆண் பறவையின் முதுகில்தான் பெண் முட்டையிட்டு அடைகாக்கிறது என்றெல்லாம். நிலவைக் குடிக்கும் சகோரத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கற்பனையின் அழகு புரியும். எனக்கும் பிடிக்கும். ஆனால் இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. அந்தக் காலை வெட்டிய மனிதர்கள் உயிரோடு அதே தீவில் இருந்தார்கள். நூறாண்டுக் காலம் இந்தச் சரக்கு கைமாறியும், காலுக்கு என்ன ஆயிற்று என்று அவர்களிடம் போய்க் கேட்கத் தோன்றவில்லை.

வானத்துக்கு இது வந்தது டச்சுக்காரர்கள் வழியாக. 1595-இல் கிழக்கே கிளம்பிய அவர்களின் முதல் கப்பல் தொகுதியில் பீட்டர் கெய்ஸர் என்ற மாலுமி இருந்தார். வரைபடக்காரர் பெத்ருஸ் பிளான்சியுஸ் அவருக்குப் பயிற்சி கொடுத்து, வானத்தின் தென்துருவத்தைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களை அளந்து வரச் சொல்லியிருந்தார். கெய்ஸர் 1596-இல் ஜாவாவின் பாந்தனில் இறந்துபோனார். அவருடைய அளவுகள் மட்டும் ஊர் திரும்பின. அவற்றையும் உடன் சென்ற ஃபிரெடரிக் டி ஹௌட்மனின் அவதானிப்புகளையும் கொண்டுதான் 1598-ஐ ஒட்டி பிளான்சியுஸ் தன் வான்கோளத்தில், அதாவது வானத்தை வரைந்த உருண்டையில், பன்னிரண்டு புதிய கூட்டங்களை வரைந்தார். மயில், கொக்கு, டூக்கன், பீனிக்ஸ், சொர்க்கப் பறவை என ஐந்து பறவைகள் அதில் வந்தன. அந்தக் கப்பல்கள் ஜாவா, பாலி வரை போய்த் திரும்பியவை. நியூ கினிக் காடு அந்த மாலுமிகளின் கண்ணில் படவே இல்லை.

அவர்கள் வானத்தில் ஏற்றியது பறவையை அல்ல தம்பி, சந்தைக்கு வந்த ஒரு தோலை. உங்கள் மகளிடம் இப்படியே சொல்லலாம், அவளுக்குப் புரியும்.

பெயரிலும் பிழை நேர்ந்தது. கோளத்தில் டச்சு மொழியில் சொர்க்கப் பறவை என்றும் பக்கத்தில் லத்தீனில் ‘ஏபிஸ் இண்டிகா’ என்றும் எழுதினார்கள். பறவைக்கு லத்தீனில் ‘ஏவிஸ்’. ‘ஏபிஸ்’ என்றால் தேனீ. ஒரே ஓர் எழுத்து! 1603-இல் பாயர் தன் வான்வரைபடத்திலும் அதே பிழையோடு அச்சிட்டார். பின்னால் வந்தவர்கள் அதை ‘ஏபஸ்’ ஆக்கினார்கள். நன்னம்பிக்கை முனையில் 1750-களின் தொடக்கத்தில் வானத்தை அளந்த லக்காய், துருவத்தில் ஆக்டன்ஸ் என்ற கூட்டத்தை அமைப்பதற்காக இந்தப் பறவையின் வாலையும் குறைத்துவிட்டார். கால் இருப்பது ஐரோப்பாவில் தெரிந்த பிறகும், 1758-இல் லின்னேயஸ் பெரிய சொர்க்கப் பறவைக்கு ‘அபோடா’, அதாவது காலில்லாதது, என்றே அறிவியல் பெயர் வைத்தார். இன்றும் அதுதான் பெயர்.

இதனால்தான் தமிழில் ‘உழவாரன்’ என்று மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அது நமக்கு நெருக்கமான பெயர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படி மாற்றினால், தோலை மட்டும் வாங்கிக்கொண்டு பறவையைப் பற்றிக் கேட்காமல் விட்ட அந்தக் கதை முழுவதும் தமிழில் காணாமல் போய்விடும்.

சரி, பார்ப்பது எப்படி? இங்கே எங்களுக்கு அது கிட்டத்தட்ட இல்லாத பறவை. கன்னியாகுமரியில்கூட அதன் முக்கியமான நட்சத்திரங்கள் தொடுவானத்துக்கு மேல் மூன்று, நான்கு டிகிரி அளவுக்குத்தான் எழும்பும். இரண்டு முறை கடற்கரையில் காத்திருந்தேன், கடல்மேல் நிற்கும் ஈர மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. உங்களுக்கு அது மறைவதே இல்லை. ஜூலையில் இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கே பார்த்தால் துருவத்துக்கு மேலே உயரத்தில் நிற்கும். முதலில் தென்முக்கோணம் என்ற கூட்டத்தின் மூன்று நட்சத்திரங்களைப் பிடியுங்கள், அவை பளிச்சென்று இருக்கும். அங்கிருந்து துருவத்தை நோக்கி இறங்கினால் ஏபஸ். அதில் மிகப் பிரகாசமானதே 3.8 ஒளியளவுதான் (இந்த எண் கூடக் கூட ஒளி மங்கும்). மெல்பர்ன் விளக்கு வெளிச்சத்தில் உங்களுக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. நகரத்தைத் தாண்டிப் போக வேண்டும். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். டெல்டா என்ற நட்சத்திரம் அதில் இரண்டாகப் பிரிந்து தெரியும், இரண்டுமே குளிர்ந்த பெரிய நட்சத்திரங்கள். எது கூடுதல் சிவப்பு என்று மகளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவள் சொன்ன பதிலை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா