வைரத்தோடு தீவுக்குப் போகலாமா? கேள்வி பதில்

காரைக்குடியில் வைரத்துக்கு மதிப்புப் போடுவதும், கல்லைத் தங்கத்தில் பதிக்கும் கட்டுவேலை பார்ப்பதும்தான் என் பிழைப்பு. கல்யாணம் முடிந்த கையோடு மாலத்தீவு, அந்தமான் என்று கிளம்புகிறவர்கள் கூடிவிட்டதால், இந்தத் தடவை நகையையும் தீவையும் சேர்த்தே கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில்.

தேவகோட்டை ஆச்சி: மகளுக்கு அவள் ஆயா வழியில் வந்த ஏழு கல் தோடு போட்டிருக்கிறோம். மாலத்தீவுக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் போவேன் என்கிறாள். சரிதானா அண்ணே?

வேண்டாம் ஆச்சி. திருட்டுப் பயத்தில் சொல்லவில்லை, கல் பதித்த கட்டு வேலையை நினைத்துச் சொல்கிறேன். பழைய தோடென்றால் பெரும்பாலும் பின்பக்கம் மூடிய கட்டுதான், அதில் பலவற்றில் கல்லுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துச் சுற்றிலும் தங்கத்தை அமுக்கி மூடியிருப்பார்கள். எங்காவது மயிரிழை இடைவெளி இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போகும், தகடு கறுக்கும். அப்படி ஒரு தோடு என் மேசைக்கு வந்தது. ஆறு கல் பளிச்சென்று இருக்க, ஓரத்துக் கல் மட்டும் செத்த மீனின் கண் மாதிரி இருந்தது. வீட்டில் கல்லையே மாற்றிவிட்டார்கள் என்று பத்தர் மேல் சந்தேகம். கட்டைப் பிரித்துத் துடைத்தால் கல் அப்படியே இருக்கிறது, தகடுதான் கரி. தகடு மாற்றியதும் சரியாகிவிட்டது.

அப்புறம் சன்ஸ்கிரீன். வைரத்தில் எண்ணெய்ப் பசை லேசில் ஒட்டும், ஒட்டினால் கல் மங்கும். அந்தக் காலத்தில் சுரங்கங்களில் உடைத்த மண்ணைத் தண்ணீரோடு கிரீஸ் தடவிய பலகை மேல் ஓடவிட்டுத்தான் வைரத்தைப் பிடித்தார்கள், மற்ற கல்லெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். தோட்டை லாக்கரில் வைத்துவிட்டுச் சின்னத் தங்கக் கம்மலோடு அனுப்புங்கள்.

கோயம்புத்தூர் தம்பி: நிச்சயதார்த்த மோதிரத்தோடு கடலில் குளிக்கலாமா?

கூடாது. விரல் தண்ணீரில் குளிர்ந்து சுருங்கும், மேலே சன்ஸ்கிரீன் வேறு வழுக்கும். மோதிரம் மணலுக்குள் போனால் போனதுதான். நீச்சல் குளமும் வேண்டாம், குளோரின் தங்கத்தில் கலந்த மற்ற உலோகத்தை அரிக்கும், கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகள் பலவீனமாகும்.

கானாடுகாத்தான் அண்ணன்: அசல் ப்ளூ ஜாகர் வைரம் எங்கே கிடைக்கும்?

அந்தப் பேருக்குக் காரணமான தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஜாகர்ஸ்ஃபொன்டெய்ன். 1971இல் மூடிவிட்டார்கள். இன்றைக்குக் கடையில் அந்தப் பேரில் காட்டுவது பெரும்பாலும் வெயிலில் லேசாக நீலம் அடிக்கும் வெள்ளைக் கல். நல்ல கல்லாகவே இருக்கலாம், ஆனால் பேருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சான்றிதழில் ஃப்ளூரசன்ஸ் என்ற வரியைப் பாருங்கள், புற ஊதா ஒளி பட்டால் கல் எவ்வளவு ஒளிரும் என்று அது சொல்லும். அந்த ஒளிர்வு மிகப் பலமாக இருந்தால் சில கல் வெயிலில் பால் கலந்த மாதிரி தெரியும். கடை விளக்கடியில் பார்த்து முடிவு செய்யாமல் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

சென்னையிலிருந்து ஒருவர்: மாலத்தீவா, அந்தமானா, எது நல்லது?

அதற்கு நான் ஆள் இல்லை. மே முதல் அக்டோபர் வரை மாலத்தீவில் தென்மேற்குப் பருவமழை, அறை மலிவாகக் கிடைத்தால் மாதத்தைப் பாருங்கள். மற்றதை டிராவல்ஸ்காரரிடம் கேளுங்கள்.

பள்ளத்தூர் அண்ணன்: லேப் வைரம் என்று கண்ணாடியை விற்கிறார்கள். அதைப் பற்றி எழுதுங்கள்.

கண்ணாடி இல்லை அண்ணே. லேப் வைரம் என்றால் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரம். சுரங்க வைரம் மாதிரி அதுவும் கார்பன்தான், அதே கடினம். லென்ஸை வைத்து என்னாலும் பிரிக்க முடியாது, அதற்குத் தனி மெஷின் வேண்டும். வாயால் ஊதிப் பார்ப்பது, தண்ணீரில் போடுவது எல்லாம் வீண்வேலை.

பள்ளத்தூர் அண்ணன் மறுபடியும்: அப்படியென்றால் மகளுக்கு அதையே போடலாம் என்கிறீர்களா?

அப்படி எங்கே சொன்னேன்?

பெங்களூரு தங்கச்சி: ஏன் போடக்கூடாது? 2023இல் நம் பிரதமர், அப்போதைய அமெரிக்க அதிபரின் மனைவி ஜில் பைடனுக்குக் கொடுத்த 7.5 காரட் கல்லே லேப் கல்தானே!

பள்ளத்தூர் அண்ணன்: பரிசு கொடுப்பது வேறு, சீர் செய்வது வேறு. நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் அதை எந்தக் கடையில் அடகு வைப்பது?

இரண்டு பேர் சொல்வதும் சரி. டி பியர்ஸ் என்ற பெரிய வைரக் கம்பெனி 2018இல் லேப் கல் நகைக்கென்றே ஒரு பிராண்டு தொடங்கி, காரட் 800 டாலர் என்று விலை வைத்தது. 2025இல் அதை மூடப்போவதாக அறிவித்தது. லேப் கல்லின் மொத்த வியாபார விலை அப்படி விழுந்திருந்தது. ஆசைக்குப் போடுவதென்றால் லேப் கல் நல்ல கல், தீவுக்குப் போட்டுக்கொண்டு போகவும் மனசு பதறாது. திருப்பி விற்க நினைத்தால் கை கடிக்கும். சுரங்க வைரத்தையும் வாங்கிய விலைக்கு விற்கலாம் என்று நினைக்காதீர்கள், அது தங்கம் இல்லை. இதோடு இந்தச் சண்டையை முடித்துக்கொள்வோம்.

மதுரை தம்பி: வைரம் நல்ல முதலீடா?

இப்போதுதானே சொன்னேன்.

கோனாபட்டு ஆச்சி: பழைய தோட்டைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுக்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

கட்டுக்குள் இருக்கும் கல்லை எடை போட முடியாது, மேலே தெரியும் அளவை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள். உங்கள் கண் முன்னால் கல்லைப் பிரித்து, ஒவ்வொன்றாகக் காரட் தராசில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு காரட் 100 சென்ட், அதாவது 200 மில்லிகிராம், ஐந்து சென்ட் குறைந்தாலும் காசு. தங்கத்தைத் தனியாக நிறுக்கச் சொல்லுங்கள். பிரிக்க மாட்டோம் என்றால் தோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

காரைக்குடி தம்பி: லங்காவியில் வரி இல்லையாமே, வைரம் அங்கே வாங்கலாமா?

1987 முதல் லங்காவி வரியில்லாத் தீவு. அது மலேசியாவின் வரி, நம் ஊரில் இறங்கும்போது நம் சுங்க வரி உண்டு. இங்கிருந்து பெரிய நகையைக் கொண்டு போவதென்றாலும், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் பில்லோடு காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பும்போது உங்கள் நகைக்கே வரி கேட்டால் காட்ட அந்தக் காகிதம் வேண்டும். மோதிரத்தோடு கடலில் இறங்குவது பற்றி இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். கோயம்புத்தூர் தம்பிக்குச் சொன்ன பதில்தான்.