ஃபாரெக்ஸ் தரகர் மீது புகார் கொடுக்கும் முன்

கேள்வி: வெளிநாட்டு ஃபாரெக்ஸ் தரகரிடம் ஒன்றரை வருடமாக யூரோ-டாலர் டிரேடிங் செய்தேன். செயின்ட் வின்சென்ட் தீவில் பதிவான கம்பெனி. ஆர்டர் எல்லாம் நேராக லிக்விடிட்டி புரொவைடர்களுக்கு (எல்.பி., அதாவது விலை கொடுக்கும் பெரிய வங்கிகள், நிறுவனங்கள்) போகும், டீலிங் டெஸ்க் (தரகரே எதிரில் நிற்கும் மேசை) கிடையாது என்று விளம்பரம் செய்தார்கள். அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் வந்த இரவு, நஷ்டத்தை நிறுத்த 1.0850-இல் வைத்த ஸ்டாப் லாஸ் ஆர்டர் 1.0831-இல் முடிந்தது. ஆர்டர் வெளியே போகவே இல்லை, அவர்களே எதிரில் நின்றிருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. போட்ட 8.9 லட்சத்தில் 6.8 லட்சம் போய்விட்டது. மீதி 2.1 லட்சத்தையும் இழுத்தடிக்கிறார்கள். மோசடி வழக்குப் போடலாமா? - வாசகர், திருப்பூர்.

பதில்: ஆர்டர் எங்கே போனது என்பதை வைத்து இந்த வழக்கு நிற்காது. கணக்குத் தொடங்கும்போது டிக் அடித்த ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். எல்லாப் பரிவர்த்தனையிலும் தாங்களே பிரின்சிபல், அதாவது உங்கள் எதிர்த்தரப்பு, என்று ஒரு பிரிவு அநேகமாக இருக்கும். ஆர்டரை வெளியே அனுப்பும் தரகர்கூடப் பெரும்பாலும் தன் பெயரில் எல்.பி.யிடம் தனி டிரேடு போட்டுத்தான் அதை ஈடுகட்டுகிறார். உங்களுக்கும் எல்.பி.க்கும் ஒப்பந்தமே கிடையாது. எந்த வாடிக்கையாளரை வெளியே அனுப்புவது, யாரை பி-புக்கில் (தரகரே எதிரில் நிற்கும் பட்டியல்) வைப்பது என்பது, ஆர்டர்களைப் பிரித்தனுப்பும் பிரிட்ஜ் மென்பொருளில் குழு வாரியாக அமைக்கப்பட்டிருக்கும். லண்டனில் உரிமம் பெற்ற தரகர்களிடமும் இது உண்டு.

தவறாவது, அதை மறைப்பதும் ஸ்லிப்பேஜை (கேட்ட விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) ஒருதலையாக நடத்துவதும். வாடிக்கையாளருக்குச் சாதகமாக நகர்ந்த விலையைத் தானே வைத்துக்கொண்டதற்காக எஃப்.எக்ஸ்.சி.எம். யு.கே. என்ற தரகருக்கு பிரிட்டனின் எஃப்.சி.ஏ. 2014-இல் 40 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. டீலிங் டெஸ்க் இல்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு மார்க்கெட் மேக்கருடன் (தானே விலை கொடுத்து எதிரில் நிற்கும் நிறுவனம்) இருந்த தொடர்பை மறைத்ததற்காக, 2017-இல் அமெரிக்காவின் சி.எஃப்.டி.சி. அதே குழுமத்துக்கு 70 லட்சம் டாலர் விதித்தது. இரண்டுமே ஒழுங்குமுறை ஆணையங்கள் தம்மிடம் உரிமம் பெற்றவர்கள் மீது எடுத்த நடவடிக்கை. செயின்ட் வின்சென்ட் நிதிச் சேவை ஆணையமோ, ஃபாரெக்ஸ் தரகர்களுக்குத் தான் உரிமமே தருவதில்லை என்று அறிவித்திருக்கிறது. உங்களுக்காக அங்கே யாரும் தரகரின் ஆர்டர் பதிவுகளை (லாக்) கேட்டு வாங்கித் தரமாட்டார்கள். 1.0850-க்கும் 1.0831-க்கும் உள்ள 19 பிப் (விலையின் நான்காம் தசம இடம்) வித்தியாசமும் சாட்சியாகாது. விலை தொட்டதும் ஸ்டாப் லாஸ் மார்க்கெட் ஆர்டராக மாறுகிறது, அந்த நொடியில் எல்.பி.க்கள் ஸ்பிரெட்டை (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி) விரிக்கிறார்கள். ஃபாரெக்ஸுக்கு ஒரே பொது விலைப்பட்டியல் இல்லாததால் இன்னொரு தரகரின் சார்ட்டும் எடுபடாது.

சட்டப்படி உங்கள் விஷயத்தில் முக்கியமானது ஒன்றுதான்: 8.9 லட்சம் இந்தியாவிலிருந்து எப்படி வெளியே போனது? அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமா 1999-இன்படி, இந்தியாவில் குடியிருப்பவர் அங்கீகாரம் இல்லாத நபருடன் அந்நியச் செலாவணி வியாபாரம் செய்யக்கூடாது. ஆண்டுக்கு 2,50,000 டாலர் அனுப்பலாம் என்ற ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். சலுகை, வெளிநாட்டுத் தரகருக்கு மார்ஜின் (டிரேடிங் முன்பணம்) கட்டுவதற்குப் பொருந்தாது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் கொடுக்கும் ஏ2 படிவத்தில் வேறு காரணம் எழுதி அனுப்பியிருந்தால் பொய் உறுதிமொழியும் சேரும். பிரிவு 13-இன் கீழ் தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். உங்கள் கணக்கில் அது 26.7 லட்சம் வரை. சிவில் கோர்ட்டுக்குப் போனாலும் எதிர்த்தரப்பு ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23-ஐ எடுத்து வைக்கும்: நோக்கமே சட்டவிரோதம், ஒப்பந்தம் செல்லாது.

புகார் கொடுக்க வருபவர்கள் விழும் குழி இங்கேதான். ஆத்திரத்தில் உட்கார்ந்து, தேதி வாரியாக எவ்வளவு அனுப்பினேன், யாருடைய யு.பி.ஐ.க்கு அனுப்பினேன் என்று பத்துப் பக்கப் புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மோசடியை அது நிரூபிக்காது. ஃபெமா மீறலுக்கு அதுவே அவர்களின் வாக்குமூலமாகிவிடும். (டிரேடிங்கே நடக்காமல் போலி செயலியில் பணம் பறித்திருந்தால் கதை வேறு. அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். உங்களுடையது அப்படித் தெரியவில்லை.)

அடுத்த குழி இன்னும் மோசம். தரகரின் லோக்கல் ஏஜென்ட், 'பணத்தை யு.எஸ்.டி.டி. கிரிப்டோவாகத் தருகிறேன், வேறொருவர் கணக்கிலிருந்து போடுகிறேன்' என்பார். வருவது இன்னொரு மோசடியில் பறிபோன பணமாக இருந்தால், எங்கோ ஒரு மாநிலத்து சைபர் போலீஸ் உங்கள் வங்கிக் கணக்கை முடக்கும். 40,000 ரூபாய்க்காகச் சம்பளக் கணக்கே மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். முதலில் வரி கட்டினால்தான் வித்டிராயல் என்றாலும், பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று எவராவது அட்வான்ஸ் கேட்டாலும், ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

சமரசம் செய்துகொள்ளுங்கள். 6.8 லட்சத்தையும் ஸ்லிப்பேஜையும் விட்டுவிட்டு, 2.1 லட்சத்தை மட்டும் கேளுங்கள். திறந்திருக்கும் பொசிஷன்களை மூடுங்கள். பணம் போன அதே கார்டுக்கோ வங்கிக் கணக்குக்கோ திருப்பி அனுப்பும்படி மின்னஞ்சலில் எழுதுங்கள். 1.5 லட்சத்துக்கு இறங்கி வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். இனி கோரிக்கை எதுவும் இல்லை என்று கையெழுத்துக் கேட்டால் போட்டுக்கொடுக்கலாம். ஆனால் 'என் நாட்டில் இந்த வியாபாரத்துக்குத் தடையில்லை', 'நான் இந்தியாவில் குடியிருப்பவன் அல்ல' என்ற வரிகள் அதில் இருந்தால் அடித்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.

பணம் வந்தபின் ஆடிட்டரோடு உட்கார்ந்து, வெளிநாட்டுக் கணக்கை வருமானவரி ரிட்டர்னில் காட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மீறலைத் தானாக முன்வந்து சொல்லி காம்பவுண்டிங் (தொகை கட்டி விவகாரத்தை முடித்துக்கொள்வது) செய்ய வழி இருக்கிறது. 2024 விதிகளின்படி விண்ணப்பக் கட்டணம் 10,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், முடிவுக்கு 180 நாள். அங்கீகாரம் இல்லாதவருடன் வியாபாரம் செய்யும் பிரிவு 3(அ) மீறலை அமலாக்கத் துறைதான் காம்பவுண்டிங் செய்யும், ரிசர்வ் வங்கி அல்ல. எனவே வக்கீல் இல்லாமல் விண்ணப்பிக்காதீர்கள். டிரேடிங் மென்பொருளான எம்.டி.5-இன் ஸ்டேட்மென்டையும் ஜர்னல் லாக்கையும் இன்றே இறக்கி வையுங்கள். சமரசப் பேச்சு தொடங்கியதும் தரகர் லாகினை மூடிவிடலாம்.