பாடத்துக்கு முன்பே படித்துவிடும் மகள்

கேள்வி: என் 9 வயது மகளுக்கு வீட்டிலேயே கல்வி கற்பிக்கிறேன். ஆண்டு முழுவதற்குமான நூல்களை வாங்கி அலமாரியில் அடுக்கினால், பாடம் தொடங்கும் முன்பே அவற்றைப் படித்து முடித்துவிடுகிறாள். பாடவேளையில் ஆர்வம் காட்டுவதில்லை. நூல்களை ஒளித்து வைக்கலாமா?

பதில்: எல்லாவற்றையும் ஒளிக்க வேண்டாம். தானாகத் தேடிப் படிக்கும் பழக்கம், நீங்கள் வகுத்த எந்தப் பாடத்திட்டத்தையும்விட மதிப்புள்ளது. அதைத் தடைசெய்தால் வாசிப்பே அனுமதி பெற்றுச் செய்யும் காரியமாகிவிடும். ஆனால் முடிவு தெரியாமல் சேர்ந்து வாசிக்க வேண்டிய கதைகள், விடைகளோடு வரும் பயிற்சி நூல்கள், போர் அல்லது மரணத்தைப் பற்றிப் பெரியவர் துணையோடு படிக்க வேண்டியவை ஆகிய சிலவற்றை மட்டும் தனியே வைத்து, அப்படி வைத்திருப்பதையும் அதன் காரணத்தையும் மகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவற்றுக்கு ஈடாக, அதே காலத்தையோ அதே அறிவியல் பொருளையோ பேசும் வேறு நூல்களை அவள் கைக்கெட்டும் தட்டில் வையுங்கள். முன்னறிவோடு வரும் குழந்தைக்குப் புதிய பாடம் எளிதில் பிடிபடும்.

ஏற்கெனவே படித்துவிட்ட நூலானால் பாடத்தின் தன்மையை மாற்றுங்கள். இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923), குழந்தை தான் வாசித்ததைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்வதை வலியுறுத்தினார். வேகமாகப் படிக்கும் குழந்தை எவற்றைக் கவனிக்காமல் கடந்துபோனது என்பது அப்போது தெரிந்துவிடும், அந்த இடங்களிலிருந்தே நீங்கள் பாடத்தைத் தொடங்கலாம். இரண்டாம் வாசிப்பில் கதைமாந்தர் ஏன் அவ்வாறு முடிவெடுத்தார், ஆசிரியர் எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேளுங்கள். கதையின் முடிவை அறிந்த வாசகரால்தான் இத்தகைய கேள்விகளுக்கு நிதானமாக விடை தேட முடியும்.