கண்டல் எந்த இனம்: இலையை எந்தச் சோதனைக்கு அனுப்புவது?

வாகரைப் பக்கத்தில் கண்டல் நாற்றுமேடை நடத்தும் வாசகி ஒருவர் எழுதுகிறார்: "காய் எடுக்கும் இடத்தில் நாலைந்து மரங்கள் எங்களைக் குழப்புகின்றன. இலை ஓர் இனத்தைப் போலவும் பூ மற்றோர் இனத்தைப் போலவும் இருக்கிறது. நிறையப் பூத்தும் காய் பிடிப்பதில்லை. மரபணுச் சோதனைக்கு அனுப்பலாமா?"

அனுப்பலாம். ஆனால், எந்தச் சோதனை என்று சொல்லி அனுப்பாவிட்டால் பணமும் செலவாகித் தவறான விடையும் வந்து சேரக்கூடும்.

முதலில் பூவைப் பாருங்கள். கண்டல் இனங்களில் ஒன்றான ரைசோபோரா அபிகுலாட்டாவில், குட்டையான தடித்த காம்பின் நுனியில் இரண்டே பூக்கள் ஒட்டியிருக்கும், இதழ் மயிரற்றது. அதே பேரினத்தைச் சேர்ந்த ரைசோபோரா மியூக்ரோனாட்டாவின் பூங்கொத்து கிளைத்துத் தொங்கும். இதழோரத்தில் வெண்மயிர் அடர்ந்திருக்கும். பெரும்பாலான மரங்களுக்கு இதுவே போதும். உங்கள் மரங்களில் இரண்டும் கலந்து தெரிவதோடு காயும் பிடிக்காததால், இவை கலப்பினமாக இருக்கலாம் என எண்ணுகிறேன். இவ்விரு இனங்களும் கூடிப் பிறந்த கலப்பினம் தமிழ்நாட்டின் பிச்சாவரத்தில் கண்டறியப்பட்டு, ரைசோபோரா அண்ணாமலையானா எனப் பெயர் பெற்றுள்ளது.

தாவர இனங்களை அறிய 2009 இல் பன்னாட்டு ஆய்வாளர் குழுவொன்று பரிந்துரைத்த ஆர்பிசிஎல், மாட்கே ஆகிய இரு டி.என்.ஏ. அடையாளப் பகுதிகளும், கலத்தில் ஒளித்தொகுப்பு நடக்கும் பச்சையவுருமணியில் உள்ளவை. பச்சையவுருமணி பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் தாய்வழியாகவே வருவதால், கலப்பின மரத்தை இவற்றால் மட்டும் சோதித்தால், தாய் எந்த இனமோ அந்த இனத்தின் மரம் என்றே அறிக்கை சொல்லும். ஆகவே கலக்கருவின் டி.என்.ஏ.யிலுள்ள ஐடிஎஸ் என்ற பகுதியையும் பார்க்கும்படி கேளுங்கள். அங்கே தாய், தந்தை இரண்டின் பங்கும் இருப்பதால், இவ்விரு இனங்களும் வேறுபடும் இடங்களில், டி.என்.ஏ. வரிசையைக் காட்டும் வரைபடத்தில் ஒரு முகட்டுக்குப் பதிலாக இரண்டு முகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும். ஒப்பிடுவதற்கு, ஐயத்துக்கு இடமில்லாத மரங்களின் இலைகளையும் இரு இனங்களிலிருந்தும் சேர்த்து அனுப்புங்கள்.

இலை பறிக்க வன பரிபாலனத் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். குருத்தை அடுத்த இளம் இலையே நல்லது. முதிர்ந்த இலையில் மிகுந்துள்ள தனின் என்னும் துவர்ப்புப் பொருள் டி.என்.ஏ.யை எளிதில் பிரித்தெடுக்க விடாது. நன்னீரில் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, நகமளவு துண்டுகளாகக் கிழித்து, இலையின் எடையைப் போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லுடன் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) மூடிய பையில் இடுங்கள். ஓரிரு நாளில் இலை மொறுமொறுவென ஒடிய வேண்டும். வளைந்தால் ஜெல்லை மாற்றுங்கள். ஃபோமலினில் இடவே வேண்டாம். அதே கிளையின் பூவையும் இலையையும் செய்தித்தாளில் அழுத்தி வைத்து, பைக்கும் தாளுக்கும் ஒரே இலக்கத்தைப் பென்சிலால் எழுதுங்கள்.

முடிவு வரும்வரை அந்த மரங்களுக்குத் துணி கட்டி அடையாளமிட்டு, பூவால் தெளிவாக இனங்கண்ட மரங்களிலிருந்து மட்டும் காய் எடுங்கள்.